ஏழாம் பிளாக்கில் ஓர் ஆள்

திரையில் அந்த மஞ்சள் மனிதன் அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தான்.

நெல்டா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல முதலில் அவனைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவை. சூரிய மின்பண்ணைக் கன்ட்ரோல் ரூமின் பெரிய திரையில் பதினெட்டு பிளாக்குகளும் பதினெட்டுக் கட்டங்களாகத் தெரியும். பேனல்கள் சூரியனோடு எவ்வளவு திரும்பியிருக்கின்றன, மோட்டார் சூடாகிறதா, எங்கே மின்சாரம் குறைகிறது என்பதையெல்லாம் கன்ட்ரோலர் ஓயாமல் கவனித்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். பதினேழு கட்டங்கள் பச்சையாக இருந்தன. ஏழாவது மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன மஞ்சள் மனிதன்.

அந்த மனிதனை வரைந்தவளே நெல்டாதான். இந்தப் பண்ணையின் கன்ட்ரோலருக்கு நிரல் எழுதியவள் அவள். பிளாக்குக்குள் வேலைக்கு இறங்குகிறவர் முதலில் மின்பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். கைப்பிடி இறங்கியதும் திரையில் ஆள் தெரிவான். உள்ளே ஒரு உயிர் இருக்கிறது, மோட்டாரை ஓட்டாதே என்று அதற்கு அர்த்தம். முதலில் அவள் வெறும் மனித உருவம்தான் வரைந்திருந்தாள். கணவன் ரொஹேலியோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"யாரு இது? கக்கூஸ் கதவுல இருந்து பிடிச்சுட்டு வந்தியா? நம்ம ஊர் வெயில்ல எவனாவது வெறுந்தலையோட நிப்பானா? பாவம், ஒரு தொப்பி போட்டு விடு."

அவள் தொப்பி போட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு குளிர்ந்த காலையில் ரொஹேலியோ ஏழாம் பிளாக்கின் கைப்பிடியை இறக்கி, பூட்டுப் போட்டு, தேய்ந்துபோன ஒரு பல்சக்கரத்தைக் கழற்ற உள்ளே போனான். சாப்பாட்டுக்கு வரவில்லை. அவன் தம்பி லாலோ தேடிப் போனபோது, பேனலின் நிழலில், கையில் ஸ்பேனரோடு கிடந்தான். மின்சாரம் அவனைத் தொடவில்லை. இதயம்தான் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோனது. பூட்டு மட்டும் அங்கேயே தொங்கியது.

பூட்டைப் போட்டவன்தான் அதைக் கழற்ற வேண்டும் என்பது இந்த வேலையில் இருக்கிறவர்கள் வேதம்போல் காக்கும் விதி. கணவனை அடக்கம் செய்த அன்று நெல்டா அந்தப் பூட்டின் சாவியை அவன் சட்டைப்பையில் வைத்தே அனுப்பிவிட்டாள். அவன் பூட்டை வேறு யார் திறக்க முடியும்? அன்றைக்கு அவளுக்கு அது சரியாகவே பட்டது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மேலாளர் ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பூட்டை யாரும் தொட வேண்டாம்" என்றாள். ஹார்லன் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி.

இப்போது மே மாதம். பூட்டு அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் நெல்டா வீட்டுக் கணினியில் பண்ணையின் திரையைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்வாள். ஏழில் ஆள் இருப்பான். ரொஹேலியோ இன்னும் வேலையில்தான் இருக்கிறான், கொஞ்சம் நேரமாகும் என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொள்ளும்.

கதவைத் தள்ளிக்கொண்டு லாலோ வந்தான்.

"அண்ணி, மேற்கே பாத்தீங்களா?"

"ரேடார்ல பாத்துட்டுதான் இருக்கேன்."

"ஜன்னல் வழியாவும் ஒரு தடவை பாருங்க, அதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க. வானம் அடிபட்ட உடம்பு மாதிரி பச்சையா இருக்கு. நிச்சயம் ஆலங்கட்டி விழும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பருத்திக் காடுகளுக்கு அப்பால் மேகம் சுவர்போல் எழும்பியிருந்தது. அடிவயிறு பச்சை. இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த நிறம் தெரியும்.

கன்ட்ரோலர் அவர்களுக்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. வானிலை எச்சரிக்கை வந்ததும் பேனல்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஆலங்கட்டி முகத்தில் அறையாமல் உரசிக்கொண்டு கீழே போய்விடும். தட்டையாகப் படுத்திருந்தால் கண்ணாடி நொறுங்கும். ஆனால் பலத்த காற்றில் படுத்திருப்பதுதான் பத்திரம். இரண்டும் சேர்ந்து வந்தால் எதைக் கேட்பது? இதற்காகக் கணவனும் மனைவியும் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டிருக்கிறார்கள். 'கண்ணாடி போனா மாத்திக்கலாம், தூணையே காத்து பிடுங்கிட்டுப் போனா என்ன பண்ணுவ?' என்பான் அவன். கடைசியில், காற்று ஒரு எல்லையைத் தாண்டும்வரை ஆலங்கட்டிக்கே முதலிடம் என்று முடிவானது. அந்த எல்லையைத் தீர்மானித்தது அவன். அதை எழுதியது அவள்.

திரையில் பதினேழு பிளாக்குகளும் மெல்ல எழுந்துகொண்டிருந்தன. ஏழு படுத்தே கிடந்தது.

ஹார்லன் உள்ளே வந்தார். அறுபது வயது, நெடிய உருவம். இந்த வேலைக்கு வருமுன் பருத்தி போட்டவர். ஆலங்கட்டி ஒரு வயலை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு, நெல்டா?"

"அரை மணியோ, கொஞ்சம் கூடவோ. காத்து வேகம் எடுத்தா அதுவும் இல்ல."

"எல்லாம் எழுந்திருச்சாச்சா?"

"எழுந்துட்டு இருக்கு."

எல்லாம் என்றால் எது இல்லை என்று மூவருக்கும் தெரியும். லாலோதான் பொறுக்கமாட்டாமல் சொன்னான்.

"பூட்டு வெட்டற கட்டரை வண்டில எடுத்து வெச்சுட்டேன்."

"லாலோ," என்றார் ஹார்லன்.

"என்ன லாலோ? இன்னும் கொஞ்ச நேரத்துல மின்னல் பக்கத்துல வந்துடும். அப்புறம் ஒருத்தரும் வெளிய காலை வெக்க முடியாது. போனா இப்பவே போகணும்."

"அவ சொல்லாம அதைத் தொடமாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"குடுத்தது நீங்க, பாஸ். நான் குடுக்கல."

நெல்டா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உடைஞ்சா உடையட்டும்," என்றாள். "கண்ணாடிதானே. மாத்திக்கலாம்."

"கண்ணாடிய மாத்திக்கலாம், அண்ணி. அதோட சேர்த்து இவரையும் மாத்திடுவாங்களே, அது தெரியுமா உங்களுக்கு?"

"வாய மூடு," என்றார் ஹார்லன்.

"மூட மாட்டேன். மேலிடத்துல இருந்து ஏழு ஏன் ஓடலன்னு கேட்டுட்டே இருக்காங்க, அண்ணி. இவரு பல்சக்கரம் வரலன்னு சொல்லிட்டு இருக்காரு. அது மார்ச்லயே வந்துச்சு. அண்ணன் பூட்டுக்குப் பக்கத்துல என் பூட்டையும் மாட்டிட்டு நான்தான் அந்த வேலைய முடிச்சேன். ஓட்டிப் பாக்கத்தான் வழியில்ல. இப்ப ஏழு படுத்தபடியே நொறுங்கினா, பொய் சொன்னவருன்னு யாரைப் பிடிப்பாங்க?"

நெல்டா திரும்பி ஹார்லனைப் பார்த்தாள். அவர் தொப்பியின் விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"நிஜமா?"

"என் வேலை, என் கவலை. எப்படியும் ரெண்டு வருஷத்துல வீட்டுல உக்காரப் போறவன்தான்."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ சரின்னுடுவ. சரின்னு சொல்ற நிலமைல நீ இல்ல."

தன் துக்கத்தைத் தான் மட்டும் சுமப்பதாக இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். இந்த மனிதர் அதன் இன்னொரு முனையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறார்.

லாலோ திரையின் அருகே வந்தான். இப்போது அவன் குரலில் சூடு இல்லை.

"அந்தப் படத்தைப் பாருங்க, அண்ணி. குளிர்ல நிக்க வெச்சோம். இந்த வெயில்லயும் நிக்க வெச்சாச்சு. இப்ப கட்டி மழையிலயும் அண்ணனை அங்கயே நிக்க வெக்கணுமா? அவரு வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு விடுங்க."

நெல்டா எழுந்து, ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க," என்றாள்.

ஏழாம் பிளாக்கின் மின்பெட்டி மண்சாலையின் ஓரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் பேனல்கள் அசைவற்ற குளம்போல் தட்டையாகக் கிடந்தன. சுற்றியிருந்த பிளாக்குகளெல்லாம் முதுகை நிமிர்த்தி நின்றன. காற்று இன்னும் பலமாகவில்லை. ஆனால் குளிர்ந்துவிட்டிருந்தது. அதுதான் கெட்ட அறிகுறி.

சிவப்புப் பூட்டு. அதோடு ஓர் அட்டை. 'அபாயம். தொடாதே. என் உயிர் இதில் இருக்கிறது.' கீழே ரொஹேலியோவின் கையெழுத்தும் ஒரு சின்னப் புகைப்படமும். வெயிலில் முகம் வெளுத்துப்போயிருந்தது. சிரிப்பு மட்டும் மிச்சம்.

லாலோ கட்டரைத் தூக்கினான். ஹார்லன் கையை நீட்டித் தடுத்தார்.

"முறைப்படிதான்."

"பாஸ், நேரம் இல்ல."

"பூட்டை வெட்டறதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு. உங்க அண்ணன் அதை ஒரு நாளும் மீறினதில்ல. அவன் விஷயத்துல நான் மீற மாட்டேன்."

முறை என்பது மூன்று விஷயம். பூட்டுக்காரர் உள்ளே எங்கேயும் இல்லை என்று பார்க்க வேண்டும். அவரைக் கூப்பிட்டுப் பேச முயற்சி செய்ய வேண்டும். திரும்ப வேலைக்கு வருமுன் பூட்டை எடுத்தது அவருக்குத் தெரிந்திருக்கும்படி செய்ய வேண்டும். விடுப்பில் போனவனுக்கும், பூட்டை மறந்துவிட்டு ஊருக்குப் போனவனுக்கும் எழுதிய விதி. இத்தனை மாதமாக ஹார்லனைக் கட்டிப்போட்டிருந்தது கொடுத்த வாக்கு மட்டுமல்ல, இந்த விதியும்தான் என்று நெல்டாவுக்கு அப்போது புரிந்தது. இறந்தவனைக் கூப்பிட்டுப் பார் என்றால் எந்த மனிதன் செய்வான்?

ஹார்லன் வரிசைகளின் வாயில் போய் நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, பிளாக்குக்குள் கூப்பிடுகிற வழக்கப்படி கூப்பிட்டார்.

"ரொஹேலியோ... உள்ள இருக்கியா?"

பேனல்களுக்கு அடியில் அவர் குரல் நீளமாகப் போனது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடும்போது குரல் உடைந்தது. லாலோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் செல்போனில் எண்ணை அழுத்தினார். ரொஹேலியோவின் போன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்தது. நெல்டா அதை அணையவிட்டதே இல்லை. ஆஸ்டினில் படிக்கும் மகள் அவ்வப்போது அந்த எண்ணைக் கூப்பிடுவதும் அவளுக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டதில்லை.

ஆள் இல்லாத வீட்டில் அது அடித்து ஓய்ந்தது. பிறகு ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"ரொஹேலியோ பேசுறேன். இப்ப ஒண்ணு பேனலுக்குக் கீழ இருப்பேன், இல்ல சாப்பிட்டுட்டு இருப்பேன். ரெண்டுலயும் தொந்தரவு பண்ணக் கூடாது. விஷயத்தைச் சொல்லிட்டு வைங்க."

'பீப்' என்ற சத்தம். ஹார்லன் வாயைத் திறந்தார். கண்களில் நீர் தளும்ப, போனை நெல்டாவிடம் நீட்டினார்.

தன்னால் முடியாது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பேச ஆரம்பித்தபோது, தினமும் சாயங்காலம் அவனோடு பேசுகிற குரலே வந்தது.

"நான்தான். ஏழாம் பிளாக்ல நிக்கிறேன். ஹார்லனும் லாலோவும் கூட இருக்காங்க. மேற்கே பெரிய மழை வருது." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் பூட்டை எடுக்கப் போறோம். நீ விட்ட வேலைய உன் தம்பி முடிச்சுட்டான், நல்லாத்தான் முடிச்சிருக்கான். திரும்பி வேலைக்கு வர்றப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு விதி. அதான் சொல்றேன். இனிமே இந்த பிளாக் ஓடும். கவனமா இரு. மோட்டார் பக்கம் கை வெக்காத."

இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. என்னவென்று தெரியவில்லை.

"தொப்பிய போட்டுக்க," என்று சொல்லிவிட்டு போனை அணைத்தாள்.

கட்டரை அவளே வாங்கிக்கொண்டாள். பூட்டின் வளைவில் அதன் வாயை வைத்து அழுத்தினாள். எஃகு அசையவில்லை. அவள் கைகளுக்கு அந்த வலு போதவில்லை. லாலோ வந்து கட்டரின் ஒரு கைப்பிடியைப் பிடித்தான். மற்றதை அவள் இரண்டு கைகளாலும் பிடித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து அழுத்தினார்கள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். இத்தனை பெரிய காரியத்துக்கு அவ்வளவுதான் சத்தம்.

பூட்டு கீழே விழாமல் ஹார்லன் கையில் பிடித்துக்கொண்டார்.

நெல்டா கைப்பிடியை மேலே தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. மூவரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பிறகு தூரத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் முனகியது. கன்ட்ரோலரின் கட்டளை காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதல் வரிசை சிலிர்த்து, மாதக்கணக்கில் சேர்ந்த புழுதியைக் கொட்டிக்கொண்டு, நோயாளி எழுவதுபோல் மெல்ல எழுந்தது. அதன் பின்னால் அடுத்தது. அடுத்தது.

"ஓடுது," என்றான் லாலோ. சொந்தக் குழந்தை முதல் அடி வைத்ததைச் சொல்கிறவன்போல, தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னான். "அண்ணி, ஓடுது."

முதல் கட்டி வண்டியின் மூக்கில் விழுந்து தெறித்தது. "வண்டிக்குள்ள ஏறுங்க," என்று ஹார்லன் இருவரையும் தள்ளினார். கதவைச் சாத்துவதற்குள் வானம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள். கூரைமேல் விழுந்த அடியில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. முன்கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. லாலோ சிலுவை போட்டுக்கொண்டான். நெல்டா பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பதித்து ஏழாம் பிளாக்கையே பார்த்தாள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. காற்று வண்டியை ஆட்டியது. அவன் குறித்த அந்த எல்லையை அது தாண்டிவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். தாண்டவில்லை.

மழை வந்த வேகத்திலேயே கடந்துபோனது. வெயில் அடித்தது. தரை முழுவதும் பனிக்கட்டி, உடைந்த முட்டை ஓடுகளைக் கொட்டியதுபோல. ஏழாம் பிளாக்கின் வடக்கு ஓரத்து வரிசைகள் பாதி எழுந்தபோதே அடி வாங்கியிருந்தன. அங்கே கண்ணாடிகள் சிலந்தி வலைபோல் விரிந்திருந்தன. மற்றதெல்லாம் முழுசாக நின்றன.

"மேலிடத்துக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள் நெல்டா.

ஹார்லன் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். "நடந்ததைச் சொல்றேன். பூட்டுக்காரனைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆச்சுன்னு சொல்றேன்."

"நம்புவாங்களா?"

"நம்பாட்டிப் போகட்டும். இந்தத் தடவை பொய் இல்லையே."

பூட்டை அவள் கையில் வைத்தார். வளைவு அறுந்த பூட்டு இன்னும் குளிர்ந்திருந்தது.

கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பியபோது திரை முழுவதும் பச்சையாக இருந்தது. ஏழாவது கட்டம் மற்றவற்றைப் போலவே இருந்தது. அதைத் தேடிப்பிடிக்க அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணம்தான் தாங்கமுடியாததாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். லாலோ கதவை வெளிப்பக்கமாகச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான். யாரையும் உள்ளே விடவில்லை.

மறுநாள் காலையில், உடைந்த கண்ணாடிகளை மாற்ற ஏழாம் பிளாக்குக்கு யார் போவது என்று ஹார்லன் கேட்டபோது, நெல்டா எழுந்து நின்றாள். அங்கே போய் மின்பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். தன் பூட்டைப் போட்டாள். அட்டையில் தன் படம், தன் கையெழுத்து. சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

வாக்கி-டாக்கியில் ஹார்லனின் குரல் வந்தது. கொஞ்சம் தயங்கி வந்தது.

"ஏழுல ஆள் தெரியுதே."

"நான்தான்," என்றாள் நெல்டா.

"தொப்பி போட்டிருக்கா?"

"போட்டிருக்கேன்."

லாலோவும் தன் பூட்டைப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தான். பகல் முழுவதும் இருவரும் வேலை செய்தார்கள். ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டிய பர்ரிட்டோவை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணன் ஸ்பேனரைத் தொலைத்துவிட்டுத் தன்னைத் திட்டிய கதையை லாலோ சொன்னான். அவள் சிரித்தாள்.

சாயங்காலம், பேனல்கள் மேற்கே மறைகிற சூரியனைப் பார்க்கத் திரும்ப வேண்டிய நேரத்தில், நெல்டா மின்பெட்டிக்கு வந்தாள். லாலோ தன் பூட்டைக் கழற்றியிருந்தான். அவள் சாவியை எடுத்துத் தன் பூட்டைத் தானே திறந்தாள். கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு, ஏழாம் பிளாக் நகர ஆரம்பிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினாள்.